மணியக்காரர் ருசி பார்த்த கிணறு

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ராயப்பன் சொம்பை வாயில் வைத்துக் கடகடவென்று குடித்தார். ஏரிக்கரையோரம் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த தாகம்.

"கல்கண்டு மாதிரி இருக்கு. இதையா உப்புன்னு எழுதினீங்க?"

கேள்வி ஊர் மணியக்காரர் ஜானகிராமனுக்கு. அவர் தள்ளி நின்று குடை பிடித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் டயரை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

கிணற்றுக்குச் சொந்தக்காரி கன்னியம்மாள் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

யுத்தத்தில் அரிசிக்குத் திண்டாட்டம். புதுக் கிணறு வெட்டிப் பயிர் வைத்தால் பாதிச் செலவை மானியமாகத் தருவதாகச் சர்க்கார் தண்டோரா போட்டது. அதை நம்பித்தான் அவளும் புருஷன் துலுக்கானமும் அயனம்பாக்கத்து மேட்டு நிலத்தில் பாறையோடு மல்லுக்கு நின்றார்கள். அவள் காதிலும் மூக்கிலும் கிடந்தது அடகுக்குப் போனது. அதுவும் போதாமல் நிலத்தின் பேரில் கடன். ஊற்று பீறிட்ட அன்றைக்குத் துலுக்கானம் குழந்தை மாதிரி அழுதான்.

உப்புக் கிணற்றுக்கு மானியம் கிடையாது. மணியக்காரர் ஒரே வார்த்தை எழுதிக் காரியத்தை முடித்துவிட்டார். மானியம் வராவிட்டால் நிலம் கடன்காரனுக்கு. அந்தக் கடன்காரன் வேறு யாருமில்லை, மணியக்காரரின் மச்சினன்தான்.

அழுது மூலையில் உட்காருகிற பொம்பளை இல்லை கன்னியம்மாள். பூந்தமல்லிக்கு நடையாய் நடந்தாள். ஆபீஸ் வாசலிலேயே பழியாய்க் கிடந்து, இன்ஸ்பெக்டரைக் கிணற்றடிக்கே வரவழைத்துவிட்டாள்.

"நான் சொன்னா மட்டும் பத்தாது. மணியக்காரரும் குடிச்சுப் பார்த்துச் சொல்லணும்," என்றார் ராயப்பன்.

மணியக்காரரின் முகம் செத்துப்போயிற்று. அந்தத் தண்ணீர் அவர் நாக்கில் பட்டதே இல்லை. குடிக்காமலே எழுதினேன் என்றால் உத்தியோகம் போய்விடும். குடிக்கலாம் என்றால் ஊரே சுற்றி நிற்கிறது.

உத்தியோகம் ஜெயித்தது. குடையை மடக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார்.

கன்னியம்மாள் சொம்பை நீட்டினாள். அதை வாங்க அவர் கை வரவில்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டார்.

அவர் நெட்டை, அவள் குள்ளம்.

"எட்டல. நல்லாக் குனிங்க ஆண்டே."

மணியக்காரர் குனிந்தார்.

அவள் அவசரப்படவில்லை. சொம்பை உயரத் தூக்கி, நூல் பிடித்த மாதிரி ஊற்றினாள். தண்ணீர் அவர் முழங்கையில் வழிந்து வேட்டியை நனைத்தது.

"தித்திப்புதான்," என்று முனகினார்.

"இன்னா ஆண்டே? காதுல வுழல."

"தித்திப்பு! தித்திப்பு!"

துலுக்கானம் துண்டைச் சுழற்றி வானத்தில் எறிந்தான். நிலம் தப்பியது. இன்ஸ்பெக்டர் மானியத்துக்கு எழுதப் பேனாவைத் திறந்தார்.

கன்னியம்மாள் பேனாவைப் பார்க்கவில்லை. குவித்த கையோடு குனிந்து நின்ற மணியக்காரரைத்தான் கண்ணாரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேரியிலிருந்து அவர் வீட்டுக்குக் கூலி வேலைக்குப் போய்த் தாகம் என்று கேட்டபோதெல்லாம், அவளை அவர்கள் நிற்க வைத்ததும் இப்படித்தான்.