அனஸ்தாசியோவின் ஐந்து மண் பைகள்

சாப்பாடு முடிந்து இன்ஜினியர் உர்டியாகா வலைத்தூளியில் சாய்ந்து கண்ணை மூடியதும், தன் புருஷன் செய்யும் காரியத்தை எடெல்மிரா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த தட்டு நழுவித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது.

அனஸ்தாசியோ கையில் ஒரு தீப்பெட்டியோடு மண் பைகளின் முன்னால் குந்தியிருந்தான்.

மொத்தம் ஐந்து பைகள். காலையில் அவர்களுடைய காட்டில் ஐந்து இடங்களில் குழி தோண்டி இன்ஜினியர் அள்ளி வந்த மண். அதில் தங்கம் இருந்தால் லிமாவிலிருந்து கம்பெனி வந்து இறங்கும். மேகத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் முந்நூறு கஸ்தான்யா கொட்டை மரங்களும் சாயும். இல்லையென்றால், வழக்கம்போல மழைக்காலத்தில் விழுகிற கொட்டைகளைப் பொறுக்கி, உடைத்து, மூட்டை கட்டிப் பிழைக்கலாம்.

"மரம்தான் உங்களோடது. மண்ணுக்குக் கீழ இருக்கறது அரசாங்கத்தோடது. நீங்க வேணாம்னாலும் உத்தரவு வாங்கிட்டு வந்துடுவோம்," என்று சாப்பிடும்போதே இன்ஜினியர் சொல்லியிருந்தார். "வீண் சண்டை எதுக்குன்னுதான் எண்பதாயிரம் சோல் தர்றோம்."

"எண்பதாயிரமா!" அனஸ்தாசியோ வாயைப் பிளந்தான். "அப்ப நல்லாப் பாருங்க ஐயா. தங்கம் கண்டிப்பா இருக்கும்."

எடெல்மிராவுக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்த ரொமுவால்தோவின் வீட்டில் இன்று புது மோட்டார் சைக்கிள் நிற்கிறது. சுவர் அகலத்துக்கு டிவி ஓடுகிறது. ஆனால் தங்கம் பிரிக்கிற பாதரசம் ஆற்றில் கலந்ததிலிருந்து, ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு அவன் தண்ணீரைப் பாட்டிலிலும் மீனை டப்பாவிலும் வாங்குகிறான்.

இந்த மனுஷனோ, இல்லாத தங்கத்தைத் தூவியாவது காட்டை விற்கப் பார்க்கிறான்! மாட்டினால் ஜெயில்தான்.

"யோவ், எந்திரிச்சு வாய்யா!" என்று அவள் கிசுகிசுப்பதற்குள், தூளியிலிருந்து குரல் வந்தது.

"என்னப்பா பண்ற அங்க?" இன்ஜினியர் ஒற்றைக் கண்ணைத் திறந்திருந்தார்.

"எறும்பு ஐயா... தட்டி விட்டுட்டிருந்தேன்."

"தீப்பெட்டியாலயா?"

எழுந்து வந்து பிடுங்கித் திறந்தார். காலி. மூலையில் மட்டும் இரண்டு மஞ்சள் பொட்டுகள் மின்னின. ஒரு பையை மரத்தட்டில் கொட்டி, வாளித் தண்ணீரை ஊற்றிச் சுழற்றினார். மண் கரைந்து வழிய, தட்டின் அடியில் பொன்தூள் தகதகவென்று கோடு போட்டது. இரண்டாவது பையிலும் அதே கோடு.

இன்ஜினியர் விலா நோகச் சிரித்தார்.

"இருபது வருஷ சர்வீஸ்ல நான் பாக்காத பித்தலாட்டமா? ஒருத்தன் துப்பாக்கில தங்கத்தூள அடைச்சுக் குழிக்குள்ள சுட்டான். இன்னொருத்தன் சுருட்டுச் சாம்பல்ல கலந்து தட்டினான். ஆனா உன்ன மாதிரி பேராசைக்காரன நான் பாத்ததில்லய்யா! இவ்ளோ தங்கம் எங்க பெரிய சுரங்கத்துலயே கிடையாது. ஏமாத்தறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"போலீசுக்கு மட்டும் போயிடாதீங்க ஐயா," எடெல்மிரா ஓடிவந்து கெஞ்சினாள்.

"உன் சமையலுக்காக விடறேம்மா. ஆனா ஒண்ணு. இந்த ஃபிராடோட காட்டுப் பக்கம் எவனும் தலைவச்சுப் படுக்கக் கூடாதுன்னு எல்லாக் கம்பெனிக்கும் சொல்லிடுவேன்."

மிச்சப் பைகளைக் காலால் எத்திவிட்டுப் படகில் ஏறினார். அனஸ்தாசியோ குனிந்த தலை நிமிராமல் நின்றான்.

மோட்டார் சத்தம் வளைவுக்கு அப்பால் தேய்ந்ததும் எடெல்மிரா துடைப்பத்தைத் தூக்கினாள்.

"மானத்த வாங்கிட்டியே பாவி! சோறு போட்ட காட்ட விக்கறதுக்கு இப்படியொரு வேலையா? அவ்ளோ தங்கம் ஏதுய்யா உனக்கு?"

அனஸ்தாசியோ மெல்ல நிமிர்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அந்தாளு எப்படா கண்ணத் தொறப்பான்னு கால்மணி நேரமாக் குந்தியிருந்தேன்டி. முட்டியே கழண்டுபோச்சு!" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.

"பைக்குள்ள நான் ஒரு தூசிகூடப் போடல. அதெல்லாம் நம்ம மண்ணுலயே இருந்ததுதான்."