வாப்பாவின் மணிக்கூட்டுக் கறை

மௌத்தாகி அடக்கமான வாப்பா உப்பளத்தில் முப்பது வருசம் கையில் கட்டிய, இப்போது நின்றுபோன மணிக்கூட்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, ஜபாரின் மணிக்கூடு திருத்தும் கடையில் நிற்கிறாள் இனாஸ். உச்சி வெயிலில் அதன் முகத்தட்டில் உப்பும் வியர்வையும் ஊறிய மஞ்சள் கறை மினுங்குகிறது. கட்டாரில் வேலை செய்யும் மூத்தவன், நானாவின் நான்காவது அழைப்பு. எத்தனை அழைப்பென்று பக்கத்துக் கடைக்காரர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"கம்பனியில குடு புள்ள, புதிசாக்கித் தருவான்!" என்கிறார் நானா.

"ஓம், முகத்தட்ட மாத்துவான். பழசத் திருப்பித் தரமாட்டானாம், தாள்லயே எழுதியிருக்கு."

அழைப்பைத் துண்டிக்கிறாள். கம்பனி செய்யும் வேலையைத் தான் செய்ய ஜபாருக்கே பயம். "கை வழுக்கினா என்னக் குறை சொல்லாதீங்க தங்கச்சி, மேசையும் ஆடுது."

கம்பனித் தாளை நான்காய் மடித்து மேசைக்காலின் கீழ் செருகுகிறாள் இனாஸ். அமுக்கிப் பார்க்கிறாள், அசையவில்லை.

"இனி ஆடாது. கறையத் தொடாமத் திறங்க."