ஆஸ்பத்திரி வாசலில் அடித்த ஹாரன்

“தலையை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் கொண்டுபோங்க… ஆங், மறைஞ்சிடுச்சு!” போனுக்குப் பின்னால் நின்று கணவரிடம் மனைவி கிசுகிசுத்தாள்.

மறைந்தது, சுவரில் இருந்த படம். ஹாரன், அதன் குறுக்கே சிவப்புக் கோடு.

டிரைவிங் ஸ்கூல் அறையில் வேறு எந்தச் சுவரைக் காட்டுவது? எல்லாச் சுவரும் ஏதாவதொன்றைச் செய்யாதே என்றுதான் சொன்னது. மேஜையின் மறுமுனையில், மாணவர்கள் தொட்டுப் பார்க்க ஒரு பழைய ஸ்டியரிங் வேறு.

போன் திரையில் பக்கத்து மாநிலத்துக் கோர்ட். நேரில் போனால், போக வர இரண்டு நாள் ரயில். வீடியோவில் வந்தால் போதும் என்று வக்கீல் ஏற்பாடு செய்திருந்தார்.

குற்றம் கடுகளவுதான். கல்யாணத்துக்குப் போன ஊரில், ஆஸ்பத்திரி வாசலில் நீளமாக ஹாரன் அடித்தது. காவலாளி வண்டி எண்ணைக் குறித்துப் போலீசில் கொடுத்துவிட்டார். வண்டி இவர் பேரில்.

“‘ஒப்புக்கொள்கிறேன்’னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்” என்றிருந்தார் வக்கீல். மறுத்தால் விசாரணை, சாட்சி என்று கிளறுவார்கள். ஸ்கூலின் அனுமதியே பறிபோகும்.

அந்த ஒரு வார்த்தையில்தான் வினை. கல்யாணமான நாளிலிருந்து அது இவர் வாயில் நுழைந்ததே இல்லை. கால் இடறினால் வாசற்படி மேல் தப்பு. ரயிலை விட்டால் ரயில் மேல் தப்பு.

“குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?” மாஜிஸ்ட்ரேட் கேட்டார்.

இவர் இரண்டு கையையும் கூப்பினார். “அதாவதுங்க ஐயா, முன்னால போன பையன் சிக்னல் போடாம திரும்பினான்…”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். முழங்கை ஸ்டியரிங்கின் மேல் இறங்கியது.

பாஆஆம்!

தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக அவள்தான் அந்த ஹாரனுக்கு பேட்டரி கொடுத்து வைத்திருந்தாள்.

அங்கே கோர்ட்டில் தூங்கிக்கொண்டிருந்த குமாஸ்தா எழுந்தே நின்றுவிட்டார்.

“யார் அது?” என்றார் மாஜிஸ்ட்ரேட்.

இவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில், காவலாளி விசில் ஊதியபோது ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த அதே முகம்.

“நான்தாங்க ஐயா” என்றார். “அப்பவும் நான்தான், இப்பவும் நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.”

ஹாரன் அலறியபோதும் பிரியாத, கூப்பிய கைகள் இரண்டும் திரையில் அப்படியே தெரிந்தன.

மாஜிஸ்ட்ரேட் அந்தக் கைகளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தீர்ப்பைச் சொன்னார். சின்ன அபராதம். கூடவே, ஏதாவது ஒரு டிரைவிங் ஸ்கூலில் அடிப்படைப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் அனுப்ப வேண்டும்.

திரை அணைந்தது.

மனைவி கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

“நாளைக்குக் காலையில சீக்கிரம் கிளம்பி நில்லுங்க” என்றாள். “பிரேக் எது, கிளட்ச் எதுன்னு முதல்ல காட்டுறேன்.”

“இத்தனை வருஷமா எனக்கு அது தெரியலைன்னா” என்றார் இவர், “தப்பு யார் மேல?”