எப்பவோ மன்னிச்சாச்சு

திண்டிவனம் பங்குச்சாமியாரின் அறையில் மரியஅந்தோணிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"வீட்ல சண்டை தீரணும்னா, தவக்காலத்துல பொண்டாட்டிகிட்ட மன்னிப்பு கேள்னு சொன்னீங்களே சாமி, கேட்டேன்."

"அருள்ராணி என்ன சொன்னா?"

"'அதை எப்பவோ மன்னிச்சிட்டேங்க'ன்னு சிரிச்சிக்கினு போறா."

"நல்லதுதானே!"

"எதைன்னு சொல்ல மாட்டேங்கறாளே! மூணு நாளா சோறு எறங்கல சாமி."

"ஏன், நெறைய இருக்கா?"

எழுபத்திரண்டாம் வருஷம் கல்யாணத்துக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தவன், பத்து வருஷம் கழித்து இன்றுதான் மண்டியிட்டான். பாவங்களையெல்லாம் சாமியாரிடம் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

அவன் சைக்கிள் தெருமுனையைத் தாண்டியதும் அருள்ராணி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"வாய்விட்டுக் கேட்டாரேன்னு, மன்னிச்சிட்டேன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சாமி. இப்பிடித் தவிக்கிறாரே, அப்பிடி இன்னாதான் பண்ணாரு?"