நீக்காமல் விட்ட படம்

படம் ஓடத் தொடங்கியதும் முயிங்கோ தலையைக் குனிந்துகொண்டான். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. எந்தக் காட்சிக்குப் பின் எது வரும் என்பது அவனுக்கு மனப்பாடம்.

அது இந்த அறையில் யாருக்கும் தெரியக் கூடாது.

கம்பாலா நீதிமன்றத்தின் மேசைமேல் ஒரு மடிக்கணினி. திரையில் வெளிநாட்டுச் சண்டைப் படம். அதன் வசனத்தை அமுக்கிவிட்டு, மேலே லுகாண்டா மொழியில் கதை சொல்லும் வி.ஜே. லுபேகாவின் குரல். லுபேகா பேசாத படம் என்றால் கொட்டகையில் ஆட்கள் காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

அவன் எழுதிவைத்துப் பேசுபவன் அல்ல. ஒரே மூச்சில், வாய்க்கு வந்தபடி. நடுநடுவே தெரிந்தவர்களுக்கு வாழ்த்தும் சொல்வான். இறைச்சிக் கடைக்காரர், பைக் ஓட்டுபவர், யாரையும் விடமாட்டான்.

முயிங்கோவின் இணையதளத்தில் அப்படிப்பட்ட படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். படங்களின் உரிமையை வாங்கியிருந்த நிறுவனம் முதலில் எச்சரிக்கைதான் அனுப்பியது. எங்கள் படங்களை நீக்கிவிடு, வழக்கு இல்லை.

நீக்கினான். ஒன்றைத் தவிர.

அது எப்படியோ விட்டுப்போயிற்று என்று தன் வழக்கறிஞர் முகிஷாவிடம் சொல்லியிருந்தான். முகிஷா நம்பினார். அதையே வாதமாகவும் வைத்தார். தளத்தில் படம் ஏற்றுவது யார் யாரோ. இவர் இடம் கொடுத்தவர் மட்டுமே. இந்தப் படத்தை இவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

தெரிந்தேதான் வைத்திருந்தான் என்று ஆகிவிட்டால் சிறை.

"வாயத் தொறந்தா ரெண்டே வார்த்தை," என்று காலையில் படிக்கட்டில் நிறுத்திச் சொல்லியிருந்தார் முகிஷா. "எனக்குத் தெரியாது. மூணாவது வார்த்தை வந்துச்சுன்னா நான் அப்படியே வீட்டுக்குப் போயிடுவேன், பாத்துக்கங்க."

எதிர்த்தரப்பு கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டத்தான் கேட்டிருந்தது. இது தங்கள் படம்தான் என்று காட்ட அது போதும். முதலில் பாலம் வரும். பிறகு லாரி. பிறகு மழையில் ஒரு பெண் ஓடுவாள். அதற்குமுன் நிறுத்திவிட்டால் முயிங்கோ தப்பித்தான்.

கதாநாயகன் பாலத்திலிருந்து விழுந்தான்.

"விழுறான், விழுறான்... யாரும் அழாதீங்கப்பா. படம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு, இவன் எப்படிச் சாவான்?"

பின்வரிசையில் சிரிப்பு. காவலர் வாயைப் பொத்திக்கொண்டார்.

நீதிபதி அம்மா வடக்குப் பக்கத்துக்காரர். லுகாண்டா தெரியாது. நிறுத்தச் சொல்ல உயர்ந்த அவர் கை பாதியில் நின்றது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். கேட்டுவிட்டு, ஓடட்டும் என்றார்.

லாரி வந்தது. ஓட்டுபவன் ஒரு மொட்டைத்தலையன்.

"முறைக்கிறான் பாரு. சப்பாத்திக்குள்ள முட்டை கம்மியா வெச்சுட்டாங்களாம்."

இந்த முறை நீதிபதியும் சிரித்தார்.

லுபேகா இவ்வளவு நன்றாகப் பேசாமல் இருந்திருக்கலாம் என்று முயிங்கோவுக்குத் தோன்றியது. சுமாரான குரல் என்றால் எப்போதோ நிறுத்தியிருப்பார்கள்.

நீக்கியிருக்கலாம். எச்சரிக்கை வந்த அன்று விரல் விசையின்மேல்தான் இருந்தது. அழுத்தாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். அதற்கும் வெகுநாள் முன்பு, படம் வந்த புதிதில், லுபேகாவே தொலைபேசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறான், அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டிவிடட்டுமா என்று. வேண்டாம் என்றதும் இவன்தான்.

மழை பெய்தது. அந்தப் பெண் ஓடினாள்.

"அவ ஓடட்டும், நமக்கு வேற சேதி இருக்கு. இந்தப் படத்தத் தேடிப் புடிச்சுக் கொண்டாந்து, தன் கையாலயே தளத்துல ஏத்தப்போறது யாரு? நம்ம முயிங்கோ. நேத்து அவனுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. பேரு நலுமான்சி. எங்க, எல்லாரும் ஒரு குலவை போடுங்க."

பின்வரிசையில் ஒரு பெண் பழக்கத்தில் குலவையிட்டே விட்டாள். பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முகிஷா வழக்குக் கோப்பை மூடினார். முயிங்கோவின் பக்கம் திரும்பவில்லை.

மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். அறையில் எழுந்த சலசலப்பில் தட்டச்சு செய்யும் பெண்ணுக்குக் குழந்தையின் பெயர் மட்டும் கேட்கவில்லை. என்ன பெயர் என்றாள்.

முயிங்கோ எழுந்து நின்றான். முகிஷா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நலுமான்சி," என்றான். "என் மக."

நீதிபதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கண்டிப்பு இல்லாத குரலில், அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் அதையும் மொழிபெயர்த்தார்.

படத்தின் பிரதி ஒன்று வீட்டில் இருந்தது. தனக்கென்று அதுவே போதும். ஆனால் தளத்தில் இருந்தவரை, அவன் பார்த்தே இராத ஏதோ ஓர் ஊரின் கொட்டகையில், யாரோ அந்தப் பெயருக்குக் குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

குலத்தார் கூடிப் பெயர் வைக்கும் நாள்வரை அவள் இருக்கவில்லை. அந்தப் பெயர் அதுவரை எந்தத் தாளிலும் ஏறியதில்லை.

அவன் தட்டச்சு செய்யும் பெண்ணின் பக்கம் திரும்பினான்.

"எழுதியாச்சாம்மா?"