அடிமரத்து மண்

“கொட்டையை இழுத்துப் பாருங்க சார், சதை ஒட்டவே ஒட்டாது.”

புதிய பழ ரகங்களைப் பதிவு செய்ய வந்த அதிகாரி பீச் பழத்தைப் பிளந்தார். தோட்டக்காரி சொன்னது சரிதான். வெள்ளைச் சதை, கொட்டையைச் சுற்றி மட்டும் சிவப்பு, அப்படியோர் இனிப்பு.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தானே கலப்பு செய்து முளைக்க வைத்த கன்றில் பிழைத்திருந்த ஒரே துளிரை, காட்டுப் பீச் செடியில் ஒட்டுக் கட்டிய கதையை மூச்சுவிடாமல் சொன்னாள். பதிவானால் ரகத்துக்கு அவள் பெயர். பைத்தியக்காரி என்று கேலி செய்த சொந்தக்காரர்கள் முகத்தை அப்புறம் பார்க்க வேண்டும்!

“இவரு?” என்றார் அதிகாரி, முக்காலியைத் தூக்கிக்கொண்டு நின்ற கணவரைக் காட்டி.

“தண்ணி ஊத்துவாரு, அவ்வளவுதான்.”

கணவர் ஆமென்று தலையாட்டினார். அந்த வீட்டில் அது புதிதும் அல்ல.

ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்க்க அதிகாரி அடிமரத்து மண்ணைக் கிளறினார். கணவர், “அது வேண்டாமே சார்” என்று முனகினார். எப்போது பார்த்தாலும் அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து வைப்பதே இவர் வேலை என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

அதிகாரி நிமிர்ந்தார். “அம்மா, நீங்க கட்டின ஒட்டு எப்பவோ காஞ்சுபோச்சு. இது ஒட்டுக்குக் கீழே, காட்டுச் செடியிலேர்ந்து வந்த கிளை. ரகம் புதுசுதான். ஆனா உங்களோடது இல்லை.”

அவள் முகம் வெளுத்தது. “கீழே துளிர் வந்தா கிள்ளிடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஏங்க இப்படிப் பண்ணீங்க?”

கணவர் முக்காலியைக் கீழே வைத்தார்.

“நீ ஆபரேஷன் முடிஞ்சு பொழைப்பியான்னே தெரியாம கெடந்தே. கண்ணைத் திறந்ததும் ‘ஒட்டு பொழைச்சுதா’ன்னுதான் கேட்டே. ஒட்டு அதுக்கு முந்தின வாரமே காஞ்சிருந்துச்சு. பொழைச்சிடுச்சுன்னு சொல்லிட்டேன். அப்புறம் இந்தத் துளிரை எப்படிக் கிள்ளுவேன்?”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு தெருவுக்கே கேட்கும் குரலில், “சார், வளர்த்தது என் வீட்டுக்காரர். அவர் பேரைப் பெருசா எழுதுங்க” என்றாள்.