எதிரிக்குக் கைதட்டியவள்

"அந்தம்மாவை நீங்க வெளியே அனுப்புறீங்களா, இல்ல நான் அனுப்பவா?"

மாட்டினி ஷோ பாதியில் எழுந்து வந்த வழுக்கைத் தலைக்காரர் கொதித்துப்போய் நின்றார்.

தியேட்டர் வாசல் ஸ்டூலில் இருந்த டிக்கெட் கிழிப்பவர் நிமிர்ந்தார். இருபது வருஷமாக டிக்கெட்டைத் தவிர வேறென்ன கிழித்தீர்கள் என்று வீட்டில் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர். வம்பு என்றாலே அவருக்கு ஆகாது.

"என்ன சார் ஆச்சு?"

"எதிரிப் படை கிராமத்துக்குள்ள புகுந்து ஜனங்களை அடிச்சு விரட்டுது. தியேட்டரே மூக்கைச் சிந்திக்கிட்டிருக்கு. இந்தம்மா கை தட்டுது! மனுஷியா அது?"

உள்ளே போய்ப் பார்த்தார். உண்மைதான். திரையில் ஊரே பற்றி எரிகிறது, முன் வரிசையில் அந்தப் பெண் வாயெல்லாம் பல்லாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உங்களுக்கே நல்லாயிருக்கா? எழுந்து வாங்க."

"சார், கொஞ்ச நேரம் விடுங்க சார். இன்னிக்கோட படத்தைத் தூக்கிடுவீங்களாமே."

"அதுக்காக எதிரிக்குக் கை தட்டுவீங்களா?"

"அதோ பாருங்க, கிணத்துப் பக்கம் துப்பாக்கியோட ஓடி வர்றாரே, அவர் என் வீட்டுக்காரர். சினிமாவுல எப்பவும் கூட்டத்துல ஒருத்தராத்தான் கூப்பிடுவாங்க. 'நான் வந்தா நீயாவது கை தட்டுடி'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பார்."

டிக்கெட் கிழிப்பவருக்குக் கோபமெல்லாம் சப்பென்று போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஊர்க்காரன் ஒருவன் சுட, அந்தச் சிப்பாய் கிணற்றடியில் சுருண்டு விழுந்தார். விசில் பறந்தது.

"சரிம்மா, அவர் கதைதான் முடிஞ்சுபோச்சே. கிளம்புங்க. இனி வீட்டுல போய் அவரை நாள் பூராப் பார்த்துக்கிட்டிருங்க, யார் வேண்டாம்னது?"

அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"முடியலை சார். ஷூட்டிங்ல ஆள் பத்தலைன்னு, செத்தவங்களையே எழுப்பி மறுபடி ஓட விட்டாங்களாம். பாலத்துச் சண்டையில இன்னொரு தடவை வருவார். அதை மட்டும் பார்த்துட்டுப் போயிடறேனே."

விட்டால் காலில் விழுந்துவிடுவாள் போலிருந்தது. அப்படி ஓர் ஏக்கம் அந்தக் குரலில்.

"ஒரே ஆளை எத்தனை தடவைம்மா பார்ப்பீங்க?"

"படம் வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடி, வீட்டு வாசப்படியில அப்படியே விழுந்தார் சார். எழுந்திருங்க, எழுந்திருங்கன்னு எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தேன்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்கே மட்டும்தான் சார் எழுந்து வர்றார்."